நனைந்த நூலும் நிறைந்த ஏரியும்

உலர்ந்த நூற்சிட்டத்தின் மீது நீர் வார்த்தால் முதலில் ஒரு துளியும் சொட்டுவதில்லை. இழைகள் நனைந்து நிறைந்த பின்னரே சொட்டத் தொடங்கும். இதை அறியாத நெசவாளர் நம்மில் இல்லை.

இமயமலைப் பனியின் இயல்பும் இதுவே. வெயிலில் மேற்பனி உருகினும், அந்நீர் குளிர்ந்த அடிப்பனிக்குள் இறங்கி மீண்டும் உறைகிறது. அவ்வாறு உறையும் ஒவ்வொரு கிராம் நீரும் ஏறக்குறைய 80 கலோரி வெப்பத்தை விடுகிறது. அதனால் பனி முழுவதும் படிப்படியாக 0 டிகிரியை எட்டுகிறது. பின்னர், பனித்துகள்களின் இடையே தங்கக்கூடிய அளவு நீர் தங்கிய பிறகே எஞ்சியது ஆற்றை அடைகிறது. ஆகவே சட்லெஜ் போன்ற நதிகளின் நீர்வரத்தைக் கணிப்போர், வெயிலை மட்டுமன்றிப் பனியின் நிலையையும் கணக்கிற் சேர்க்க வேண்டியுள்ளது.

நம் அடையாற்றுக்குப் பனி இல்லை. ஆயினும் கணக்கு ஒன்றே. 2015 நவம்பர் மழையால் மண்ணும் ஏரிகளும் முன்னரே நிறைந்திருந்தன. டிசம்பர் 1-ஆம் நாள் பெய்த பெருமழைக்குத் தங்க இடமில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அனகாபுத்தூரின் ஆற்றோரப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது.

ஆதலின் அங்கத்தினர்களே, இன்று பெய்யும் மழையை மட்டும் நோக்குதல் போதாது. ஏற்கெனவே நிறைந்திருப்பதையும் நோக்க வேண்டும். ஏரி நிறையும் செய்தி எட்டியவுடனே நூற்கட்டுகளையும் விதைமூட்டைகளையும் மேடேற்றுவோமாக.