படக்கதையில் சிரித்தவர்கள் படத்தில் பாடினார்கள்!

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. நான்கு பேர் சேராவிட்டால் குழுவையே கலைத்துவிடுவார்கள். இருந்ததோ மூன்று மாணவிகள்!

நாலாவதாக வந்தாள் யூயி. அவளுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. "மெல்லிசை" என்றால் சுலபமான இசை என்று நினைத்துப் பெயர் கொடுத்துவிட்டாள்!

இதுதான் "கே-ஆன்!" என்ற ஜப்பானியக் கதை.

நாலு கட்டம்

இது முதலில் படக்கதையாக வந்தது. ஜப்பானில் படக்கதையை "மங்கா" என்பார்கள். காகிஃபிளை என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் 2007-ம் ஆண்டில் ஒரு மாதப் பத்திரிகையில் இதைத் தொடங்கினார்.

ஒரு துணுக்குக்கு நான்கே கட்டங்கள். மூன்று கட்டத்தில் பேச்சு. நாலாவதில் சிரிப்பு! மாணவிகள் வாத்தியத்தைத் தொடுவதைவிட, தேநீர் குடித்து கேக் தின்பதே அதிகம்.

ஆனால் ஒரு குறை. பாட்டுக் குழுவின் கதைதான். பாட்டு மட்டும் காதில் விழாது!

பாட்டு கேட்டது

2009 ஏப்ரலில் இந்தக் கதை டெலிவிஷனில் கார்ட்டூன் படமாக வந்தது. ஜப்பானியர் இதை "அனிமே" என்பார்கள். கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் தயாரித்தது. டைரக்டர் நவோகோ யமடா என்ற பெண். அப்போது அவருக்கு வயது 24தான்!

நாலு கட்டத் துணுக்கு நொடியில் முடிந்துவிடும். படமோ அரை மணி நேரம் ஓட வேண்டும். யமடா அவசரப்படவில்லை. தோழிகள் நடப்பதையும், மழையில் நனைவதையும், சும்மா உட்கார்ந்திருப்பதையும் காட்டினார். பாட்டுகளும் ஒலித்தன. 2009 ஜூலையில் அந்தக் குழுவின் பெயரில் வந்த இசைத்தட்டு ஜப்பானிய விற்பனைப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது.

2010-ல் வந்த இரண்டாம் தொடரின் முடிவில், படிப்பை முடித்துப் போகும் நால்வரும், தனியே நிற்கப் போகும் இளைய தோழி அசுசாவுக்காக ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். அவள் கண் கலங்குகிறது. பார்ப்பவர் கண்ணும்தான்!

ஊரார் காத்த பள்ளி

படத்தில் வரும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிஜக் கட்டடமே மாதிரி. ஷிகா மாநிலத்தில், தோயோசாதோ என்ற சிற்றூரில் அது இருக்கிறது. ஃபுருகாவா என்ற வணிகர் கொடுத்த நன்கொடையில் 1937-ல் கட்டிய ஆரம்பப் பள்ளி அது. மாடிப்படிக் கைப்பிடியில் வெண்கலத்தால் செய்த முயலும் ஆமையும் உண்டு. முயலாமைக் கதையைச் சொல்லியபடி அவை மேலே ஏறுகின்றன!

2002-ல் இந்தக் கட்டடத்தை இடிக்க ஊர்த் தலைவர் முனைந்தார். ஊரார் எதிர்த்து நின்றார்கள். நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டு வாக்கெடுப்பில் தலைவரே பதவி இழந்தார்!

பழுது பார்த்த கட்டடம் 2009-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் படமும் வந்தது. ரசிகர்கள் தேடி வந்தார்கள். படத்தில் கண்ட அதே படிகளில் ஏறினார்கள்.

புத்தகமா, படமா? வயிறு குலுங்கச் சிரிக்கப் புத்தகம் போதும். பிரிவின் அருமையை உணரப் படம் பார்க்க வேண்டும். ஆனால் அந்த ஊரார் மட்டும் அன்று ஒதுங்கி நின்றிருந்தால், படத்தில் ஆமை ஏற அந்தப் படி இருந்திருக்காது!