டிஷ்வாஷருக்குள் சிங்க் தண்ணீர்: வருவது எப்படி, தடுப்பது எப்படி?

இரவு பாத்திரங்களை அடுக்கி, பொத்தானை அழுத்திவிட்டுப் படுக்கப் போகிறோம். காலையில் கதவைத் திறந்தால் பாத்திரங்கள் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் கீழ்த்தட்டுக்கு அடியில், ஃபில்டரைச் சுற்றிக் கலங்கலாகத் தண்ணீர் நிற்கிறது. மேலே எண்ணெய்ப் படலம். சில வீடுகளில் அந்த நீரில் காபித் தூளும் கறிவேப்பிலையும் மிதக்கும். முந்தைய இரவு உள்ளே வைத்த எந்தப் பாத்திரத்திலும் அவை இருந்திருக்காது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று உடனே சர்வீஸ் ஆளைக் கூப்பிடுகிறோம். பல நேரங்களில் இயந்திரத்தில் கோளாறு எதுவும் இருக்காது. அதன் பின்பக்கத்திலிருந்து அழுக்கு நீரைக் கொண்டுபோகும் டிரெயின் குழாயை மாட்டிய விதத்தில்தான் தவறு இருக்கும்.

வீட்டு வேலைக்கு ஆள் வர முடியாமல் போன 2020 ஊரடங்குக் காலத்தில் இந்திய நகரங்களில் டிஷ்வாஷர் விற்பனை சட்டென்று ஏறியது. ஏற்கெனவே கட்டி முடித்த அடுக்ககங்களில் பெரும்பாலும் அதற்கென்று தனி வேஸ்ட் பைப் இணைப்பு கிடையாது. வாங்கியவர்கள் இடம் கிடைத்த மூலையில் வைத்தார்கள். மாட்ட வந்தவர்கள் கைக்கு எட்டிய துளையில் குழாயைச் செருகிவிட்டுப் போனார்கள். அந்த அவசரத்தின் பலன்தான் இன்று பல சமையலறைகளில் நாற்றமாகவும் கலங்கலாகவும் தெரிகிறது.

நீர் எப்படி வெளியேறுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். டிஷ்வாஷரின் அடியில் ஒரு குழி உண்டு. கழுவிய நீர் அங்கே வந்து சேரும். பக்கத்திலுள்ள சிறிய பம்ப் அதை உறிஞ்சி, நெளிவு நெளிவான பிளாஸ்டிக் குழாய் வழியாக மேல்நோக்கித் தள்ளும். சிங்க்குக்கு அடியிலுள்ள வேஸ்ட் பைப்பில் அந்தக் குழாய் சேர்கிறது. இதில் கவனிக்க வேண்டியது உயரம். சிங்க்கின் அடிப்பகுதி தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது. இயந்திரத்தின் குழியோ தரையை ஒட்டி இருக்கிறது. பம்ப் ஓடும்வரை நீர் மேலே போகும். பம்ப் நின்ற கணத்திலிருந்து நீருக்கு இயல்பான திசை கீழ்நோக்கித்தான், அதாவது இயந்திரத்தை நோக்கி.

திரும்பி வரும் நீரில் ஒரு பகுதி, குழாயிலேயே தேங்கியது. 2 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய் ஒன்றரை மீட்டர் நீளம் இருந்தால் அதற்குள் கிட்டத்தட்ட அரை லிட்டர் நிற்கும். அது இயந்திரத்தின் சொந்த நீர்தான், பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் சிங்க்கிலிருந்து வருவதுதான். வேஸ்ட் பைப்பில் சோறும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், சிங்க்கில் ஊற்றிய நீர் போக வழியில்லாமல், பக்கத்தில் திறந்திருக்கும் டிஷ்வாஷர் குழாய்க்குள் இறங்குகிறது. பச்சைக் கோழியும் மீனும் கழுவிய நீராகவும் அது இருக்கலாம். கொதிக்கக் கொதிக்கக் கழுவி முடித்த தட்டுகளுக்கு அடியில் அந்த நீர் இரவெல்லாம் கிடக்கும்.

அடைப்புக்குத் துணையாக ஒரு இயற்பியலும் வேலை செய்கிறது. டிரம்மிலிருந்து மண்ணெண்ணெய் எடுக்க ரப்பர் டியூபை ஒருமுறை வாயால் உறிஞ்சிவிட்டால் போதும், பிறகு தானாகவே கீழேயுள்ள கேனுக்கு வந்துகொண்டிருக்கும். டியூப் நிரம்பியிருக்கும்வரை, இடையில் மேடு இருந்தாலும் அது ஏறி இறங்கும். இதுதான் சைஃபன். டிஷ்வாஷர் குழாயை நிரப்பும் வேலையை பம்ப்பே செய்து கொடுத்துவிடுகிறது. பம்ப் நின்றதும், குழாயின் இரு முனைகளில் எந்தப் பக்கம் நீர்மட்டம் உயரமோ அங்கிருந்து மறுபக்கத்துக்கு நீர் ஓடத் தொடங்கும். நடுவில் காற்று புகுந்தால் மட்டுமே நிற்கும்.

இதைத் தடுக்க இயந்திரத்துக்குள்ளேயே ஒரு காவல் உண்டு. பம்ப்பின் வெளிவாயிலில் ஒரு ரப்பர் மடல் இருக்கும்; நம் பிளம்பர்கள் என்.ஆர்.வி. என்று சொல்லும் நான்-ரிட்டர்ன் வால்வின் சிறிய வடிவம் அது. நீர் வெளியே போகும்போது திறக்கும், திரும்பினால் மூடிக்கொள்ளும். புது இயந்திரத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதன் முழுத் திறமையும் அந்த மடல் தன் இருக்கையில் இடைவெளியில்லாமல் உட்காருவதில்தான் இருக்கிறது. நம் சமையலில் கடுகு இருக்கிறது, கறிவேப்பிலை நரம்பு இருக்கிறது, மிளகாய் விதை இருக்கிறது. ஊறுகாய் பாட்டிலைக் கழுவப் போட்டால் லேபிள் காகிதம் உரிந்து வரும். ஃபில்டரைச் சரியாகப் பூட்டாமல் ஒரு தடவை ஓட்டினாலே இவற்றில் ஒன்று மடலுக்கடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆண்டுகள் போகப் போக ரப்பரும் விறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எண்ணெயிலும் சூட்டிலும் ஓயாமல் அசையும் ஒரு ரப்பர் துண்டை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல என்பதே என் கருத்து.

ஆகவே குழாய் போகும் பாதையையே சரிசெய்ய வேண்டும். செலவில்லாத வழி, குழாயை உயர்த்தி வளைத்துக் கட்டுவது. இயந்திரத்திலிருந்து வரும் குழாயை நேராக வேஸ்ட் பைப்புக்குக் கொண்டுபோகாமல், முதலில் சமையல் மேடையின் அடிப்பக்கம் முட்டும்வரை மேலே ஏற்றி, அங்கே ஒரு கிளாம்ப் போட்டுக் கட்டி, பிறகு கீழே இறக்கி இணைக்க வேண்டும். சிங்க் அடைத்துக்கொண்டாலும், வேஸ்ட் பைப்பிலிருந்து வரும் நீர் அந்த வளைவின் உச்சியைத் தாண்டினால்தான் இயந்திரத்துக்குள் போக முடியும். அந்த உயரத்துக்கு நீர் ஏறும் முன்னரே சிங்க் நிறையத் தண்ணீர் நிற்பது வீட்டிலிருப்பவர் கண்ணில் பட்டுவிடும். கட்டாமல் சும்மா சொருகிவைத்த வளைவு நாளடைவில் சரிந்து தொங்கிவிடும். கேபிள் டை, திருகு, கிளாம்ப், எதுவானாலும் சரி, இறுகக் கட்டியிருக்க வேண்டும். குழாய் மடங்கி நசுங்கிவிடவும் கூடாது.

வளைவுக்கும் ஒரு எல்லை உண்டு என்பதைப் பலர் சொல்வதில்லை. குழாய் முழுக்க நிரம்பியிருக்கும்போது பம்ப் நின்று, அதே நேரம் சிங்க்கும் அடைத்து நிறைந்திருந்தால், முன்னால் சொன்ன சைஃபன் வளைவின் மேலேறியும் நீரை இழுத்து வந்துவிடும். அப்போது தடுத்து நிறுத்துவது அந்த ரப்பர் மடல்தான். அதனால் வளைவும் மடலும் சேர்ந்தே ஒரு பாதுகாப்பு. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிட முடியாது.

இந்த ஓட்டையையும் அடைத்த ஏற்பாடு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள், சிங்க் குழாய்க்குப் பக்கத்தில் இரண்டங்குல உயரத்தில் வெள்ளி நிறக் குமிழ் ஒன்றைப் பார்த்திருக்கலாம். சோப்பு வைக்கும் இடமோ என்று தோன்றும். அதன் பெயர் ஏர் கேப், காற்று இடைவெளி. டிஷ்வாஷர் குழாய் கீழிருந்து அந்தக் குமிழுக்குள் ஏறி வருகிறது. அங்கே நீர் திறந்த காற்றைத் தாண்டி இன்னொரு குழாய்க்குள் விழுந்து, வேஸ்ட் பைப்புக்குப் போகிறது. இரண்டு குழாய்களுக்கும் இடையே தொடர்ச்சியே இல்லாததால் சைஃபன் உண்டாகவே முடியாது. அசையும் பாகம் எதுவும் கிடையாது. ஏறும் குழாய் 5/8 அங்குலம், இறங்கும் குழாய் 7/8 அங்குலம். வந்த நீர் தேங்காமல் போய்விட வேண்டும் என்பதற்காகவே இந்த அகலம். இறங்கும் குழாய் அடைத்தால் நீர் குமிழின் ஓரத் துளைகள் வழியே சிங்க்குக்குள் கொட்டும். அடைப்பு வந்துவிட்டது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

கலிஃபோர்னியா பின்பற்றும் யூனிஃபார்ம் பிளம்பிங் கோட், இந்த ஏர் கேப் இல்லாமல் வீட்டு டிஷ்வாஷரைக் கழிவுக் குழாயில் நேரடியாக இணைக்கக் கூடாது என்கிறது. வேறு பல மாநிலங்கள் பின்பற்றும் இன்டர்நேஷனல் பிளம்பிங் கோட், மேடைக்கு அடியில் உயர்த்திக் கட்டிய வளைவையும் ஏற்றுக்கொள்கிறது. ஒரே நாட்டில் இரண்டு விதி. இரண்டுக்கும் பொதுவானது, குழாயைத் தரையோடு தரையாக ஓடவிட்டு இணைப்பதை எதுவுமே அனுமதிக்கவில்லை என்பது.

நம் ஊரில் நிலைமை வேறு. சிங்க்குக்கு அடியில் இடமில்லாமல் பலர் இயந்திரத்தை யுடிலிட்டியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். டிரெயின் குழாய் தரையில் கிடந்து, தரை நீர் வடியும் நானி டிராப்பின் சல்லடைக்குள் நுழைகிறது. இதில் இரண்டு கேடு. குழாயின் முனை தரைமட்டத்திலோ அதற்குக் கீழோ இருந்தால் சைஃபன் எதிர்த்திசையில் வேலை செய்யும்: கழுவுவதற்காக இயந்திரம் நிரப்பும் நீர், நிரம்ப நிரம்ப வெளியே ஓடிக்கொண்டிருக்கும். பாத்திரம் சுத்தமாகாது, தண்ணீர் வீணாகும், கடைசியில் பிழைக் குறியீடு காட்டி நின்றுவிடும். இன்னொன்று, மழைக்காலத்திலோ குழாய் அடைத்தாலோ நானி டிராப் பொங்கும்போது, குழாயின் முனை அந்தச் சாக்கடை நீரிலேயே மூழ்கிக் கிடக்கும். பல தயாரிப்பாளர்கள் குழாயின் முனை தரையிலிருந்து குறைந்தது 40 செ.மீ., அதிகபட்சம் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். உங்கள் இயந்திரத்துக்கான அளவு அதன் கையேட்டில் படத்தோடு இருக்கும். சுவரோடு ஒரு பிவிசி பைப்பை அந்த உயரத்துக்கு நிறுத்தி, அதற்குள் குழாயைத் தொங்கவிடுவதே சரியான ஏற்பாடு. பைப்பின் வாயைச் சுற்றிலும் காற்று போகும்படி விட வேண்டும். நாற்றம் வருகிறதென்று எம்-சீல் போட்டு அடைத்துவிட்டால் மறுபடியும் சைஃபனுக்கு வழி செய்துகொடுத்ததாகிவிடும். நாற்றத்தை நிறுத்த வேண்டியது கீழே உள்ள நீர் நிற்கும் வளைவு, அதாவது டிராப்.

இதுவரை சொன்னது கழிவுப் பக்கம். நல்ல தண்ணீர் வரும் பக்கத்திலும் இதே ஆபத்து உண்டு, விளைவு இன்னும் கடுமையானது. சிகாகோவில் 1933-ல் உலகக் கண்காட்சி நடந்தபோது, அந்நகரின் இரண்டு ஹோட்டல்களை மையமாகக் கொண்டு அமீபா சீதபேதி பரவியது. 1,400 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 98 பேர் இறந்தார்கள். பழைய கட்டடங்களின் குழாய்களில் கழிவுநீர் குடிநீரோடு கலந்ததே காரணம். குடிநீர்க் குழாயும் அழுக்கு நீரும் சந்திக்கும் இடம் எதிலும் இடையே காற்று இருக்க வேண்டும் என்ற பாடம், 1933-க்குப் பிறகு குழாய் விதிகளில் அழுத்தமாக ஏறியது.

குழாயில் அழுத்தம் திடீரென்று குறைந்தால், வீட்டுக்கு வந்த நீர் திரும்பி உறிஞ்சப்படும். குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி இழுக்கும் பழக்கம் தடையை மீறியும் தொடரும் நம் தெருக்களில் இது கற்பனையல்ல. நல்ல வேளையாக, இன்றைய டிஷ்வாஷர்கள் பெரும்பாலானவற்றில் பக்கச் சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் அறை இருக்கிறது. வரும் நீர் அதற்குள் காற்றைத் தாண்டி விழுந்த பிறகே கழுவும் தொட்டிக்குப் போகும். நாம் செய்ய வேண்டியது, கம்பெனி தந்த இன்லெட் குழாயை வெட்டி ஒட்டாமல், மாற்றாமல் பயன்படுத்துவது மட்டுமே.

உங்கள் வீட்டில் நிலைமை எப்படி என்று தெரிந்துகொள்ளச் சிக்கலில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. டிஷ்வாஷரைக் காலியாக ஓட்டி முடித்து, ஃபில்டர் குழியில் நீர் எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தெளிந்த நீர் நிற்பது இயல்பு. அது ரப்பர் சீல்கள் காயாமல் காக்கும். பிறகு சிங்க்கின் துளையை அடைத்து, பாதிக்கு மேல் நீர் நிரப்பி, துளி மஞ்சள் தூள் கலக்குங்கள். அடைப்பைச் சட்டென்று எடுத்து நீரை இறக்கிவிட்டு, இயந்திரத்தைத் திறந்து பாருங்கள். குழியில் மஞ்சள் தெரிந்தால், மட்டம் ஏறியிருந்தால், சிங்க் நீர் உள்ளே வருகிறது. மடலைச் சுத்தம் செய்வதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சில மாடல்களில் ஃபில்டருக்கு அடியிலேயே கை எட்டும். மற்றவற்றில் சர்வீஸ் ஆள்தான் வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டு அங்கே கிடக்கலாம், வெறும் விரலை விடாதீர்கள்.

இயந்திரம் புதிதாக வீட்டுக்கு வரும் நாளில்தான் இதையெல்லாம் கேட்க வேண்டும். மாட்ட வருபவர் நாளொன்றுக்குப் பல வீடு போகிறவர், அவருக்கு அவசரம் இருக்கும். ஆனால் உங்கள் வீட்டுக் குழந்தை சாப்பிடும் தட்டு அதற்குள்தான் இருக்கப்போகிறது. டிரெயின் குழாய் மேடைக்கு அடியில் உயர்த்திக் கட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கட்டியிருந்தால் மட்டுமே வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுங்கள்.