வழு அறிவிப்போரின் மின்னஞ்சல் தனியுரிமை

வழு அறிவிப்போரின் மின்னஞ்சல் தனியுரிமை என்பது, மென்பொருளில் காணும் வழுக்களை இணையவழி தெரிவிக்கும் பயனர்களின் மின்னஞ்சல் முகவரி எவருக்கெல்லாம் தெரியலாம், எவ்வளவு காலம் தெரியலாம் என்பது பற்றிய சிக்கலாகும்.

முகவரியின் தேவை

பல வழுக்களை முதல் அறிக்கையைக் கொண்டு மட்டும் திருத்த இயலாது. இயங்குதளத்தின் பதிப்பு, வழு தோன்றிய சூழல் முதலியவற்றை நிரலர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். திருத்தம் வெளிவந்த பின் அதைச் சோதித்துச் சொல்லவும் அறிவித்தவரே ஏற்றவர். எனவே தொடர்பு முகவரி கேட்கப்படுகிறது. ஆனால் திறமூலத் திட்டங்களில் வழு அறிக்கைகள் பொதுவாக எல்லாரும் படிக்கும்படி வைக்கப்படுகின்றன. நிரலருக்காகக் கொடுத்த முகவரி இவ்வாறு உலகுக்கே தெரிந்துவிடக்கூடும். எரிதம் அனுப்புவோர் இத்தகைய பக்கங்களிலிருந்து தானியங்கி நிரல்களைக் கொண்டு முகவரிகளைத் திரட்டுகின்றனர். மூலப் பக்கத்திலிருந்து முகவரியை நீக்கினாலும், பிற தளங்கள் எடுத்த படிகளில் அது எஞ்சியிருக்கலாம்.

வழுத்தடங்காணிகளின் நடைமுறை

1998 இல் வெளியான பக்சில்லாவில் மின்னஞ்சல் முகவரியே நெடுங்காலம் பயனர்பெயராக இருந்தது. அதன் இயல்பான அமைப்பில், புகுபதிகை செய்யாதோர் @ குறிக்கு முன்னுள்ள பகுதியை மட்டுமே காண்பர். கணக்கு உள்ளோர் முழு முகவரியையும் காண்பர். டெபியன் திட்டத்தில் வழு அறிக்கையே ஒரு மின்னஞ்சல்தான்; அனுப்பியவரின் முகவரியும் அதனுடன் வெளியிடப்படுகிறது. விக்கிமீடியா 2014 நவம்பரில் பக்சில்லாவிலிருந்து பேப்ரிக்கேட்டருக்கு மாறியது. இதில் பயனர்பெயர் மட்டுமே பிறருக்குத் தெரியும். கிட்ஹப்பிலும் பயனர் தம் முகவரியை மறைத்துக்கொள்ளலாம். ஆயினும், திருத்தத்தை நிரலாகவே அனுப்புவோரின் கிட் பதிவுகளில் அவர்களது முகவரி பதிந்துவிடும். இதைத் தவிர்க்க, பதிலேற்காத மாற்று முகவரி ஒன்றை கிட்ஹப் வழங்குகிறது.

கசிவு

முகவரியைப் பொதுப் பக்கத்தில் மறைப்பது மட்டும் போதுமான காப்பாகாது. பக்சில்லாவின் சோதனை வழங்கி ஒன்றிலிருந்த ஏறத்தாழ 97,000 பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் மறையாக்கம் செய்யப்பட்ட கடவுச்சொற்களும் சுமார் மூன்று மாதங்கள் பொதுவெளியில் கிடந்ததாக 2014 ஆகத்தில் மொசில்லா அறிவித்தது. ஒரே கடவுச்சொல்லைப் பல தளங்களில் பயன்படுத்துவோருக்கு இத்தகைய கசிவால் பிற கணக்குகளும் பறிபோகலாம்.

அறிவிப்போர் கவனிக்க வேண்டியவை

வழு அறிவிப்பதற்கெனத் தனி முகவரி வைத்திருப்பது நல்லது. எனினும் அதை அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். நிரலரின் கேள்விக்கு விடை கிடைக்காத அறிக்கை தீர்வின்றி மூடப்படலாம். அறிக்கையுடன் இணைக்கும் பதிகைக் கோப்புகளிலும் திரைப்பிடிப்புகளிலும் முகவரி, பயனர்பெயர், கடவுச்சொல் போன்றவை இருக்கக்கூடும் என்பதால் அவற்றைச் சரிபார்த்த பின்னரே அனுப்ப வேண்டும். பாதுகாப்பு தொடர்பான வழுக்களைப் பொதுப் பக்கத்தில் இடாமல், அந்தந்தத் திட்டம் அதற்கென வைத்துள்ள தனிவழியில் தெரிவிப்பதே முறையாகும்.