பேராக் மனிதனின் இடது கை

மாணவர்களே, பேராக் மனிதன் என்றதும் பலர் இடத்தையும் ஆண்டையும் மட்டும் எழுதிட்டுப் போயிடுறாங்க. லெங்கோங்கில் குவா குனுங் ருந்து குகை, 1990இல் கண்டெடுப்பு, சுமார் 10,000 ஆண்டுப் பழமை. சரிதான். ஆனால் அந்த எலும்புக்கூட்டின் இடது கையைப் பாருங்க. பிறவியிலேயே விரல் எலும்புகள் சரியாக வளரவில்லை.

வேட்டையாடி, உணவு தேடி வாழ்ந்த கூட்டத்தில், இந்தக் கையோடு அவர் நாற்பது வயது வரை வாழ்ந்திருக்கிறார்! இறந்தபின் கைகால்களை மடக்கி, கற்கருவிகள், விலங்கு எலும்புகள், நத்தை ஓடுகளோடு (ஆற்று நத்தைதான், கடல் சிப்பி இல்லை) புதைத்திருக்காங்க.

எலும்பும் புதைத்த விதமும் சான்று. கூட்டம் அவரைப் பராமரித்தது, மதித்தது என்பது அதிலிருந்து நாம் செய்யும் ஊகம். விடையில் முதலில் சான்றைக் காட்டுங்க, பிறகு ஊகத்தை எழுதுங்க.