லாகின் பாஸ்வேர்டு கிடையாது, மென்பொருள் இன்ஸ்டாலும் கிடையாது: கன்டெய்னருக்கான ஆபரேட்டிங் சிஸ்டத்தை நிஜ சர்வரில் ஏற்றுவது எப்படி?

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் திரை நீலமாகிப் போன நாள். க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்தான் காரணம். சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல இடங்களில் ஐடி ஊழியர்கள் ஒவ்வொரு மெஷின் முன்பும் போய் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியிருந்தது.

இதற்கு 7 வருடம் முன்பு நடந்தது அப்படியே தலைகீழ். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. பலர் அதைப் போடவில்லை. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக 'வான்னாக்ரை' வைரஸ் நுழைந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் வரை முடங்கின.

ஒன்று அப்டேட் போட்டதால் வந்த வினை. இன்னொன்று போடாததால் வந்தது. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் எந்த இன்ஜினியரைக் கேட்டாலும் இந்த இரண்டு பயமும் இருக்கும். இதற்கு ஒரு வழி தேடிப் பிறந்ததுதான் கன்டெய்னருக்கான ஆபரேட்டிங் சிஸ்டம். அது என்ன, அதை ஒரு நிஜ மெஷினில் எப்படி ஏற்றுவது, எங்கே சறுக்கும்? பார்க்கலாம்.

முதலில், கன்டெய்னர் என்றால்?

ஒரு ஆப் ஓடுவதற்கு அதன் கோட் மட்டும் போதாது. லைப்ரரிகள், குறிப்பிட்ட வெர்ஷன்கள், செட்டிங்குகள் என்று ஒரு பட்டாளமே கூட வர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, எந்த லினக்ஸ் மெஷினிலும் அப்படியே ஓட வைப்பதுதான் கன்டெய்னர். 2013-ல் வந்த டாக்கர் இதை எளிதாக்கியது. 2014-ல் கூகுள் வெளியிட்ட குபெர்னெட்டிஸ், ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களை ஒரே நேரத்தில் மேய்க்கும் வேலையைக் கையில் எடுத்தது.

அப்போது ஒரு கேள்வி வந்தது. ஆப்புக்குத் தேவையானதெல்லாம் கன்டெய்னருக்குள்ளேயே இருக்கிறது என்றால், அடியில் இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் எதற்கு இத்தனை சாமான்கள்? ஆபீஸ் மென்பொருள், பிரிண்டர் டிரைவர், பத்து விதமான எடிட்டர் எல்லாம் எதற்கு? ஒவ்வொன்றும் ஒரு அப்டேட் தலைவலி. ஒவ்வொன்றும் ஹேக்கருக்கு ஒரு ஜன்னல்.

கோர்ஓஎஸ் முதல் ஃபிளாட்கார் வரை

இந்தக் கேள்விக்கு 2013-ல் பதில் சொன்ன நிறுவனம் கோர்ஓஎஸ். குரோம்புக் லேப்டாப்களில் ஓடும் குரோம்ஓஎஸ்ஸின் அடித்தளத்தை எடுத்து, சர்வருக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். குரோம்புக் தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்வது போல சர்வரும் ஏன் செய்யக் கூடாது என்பதுதான் ஐடியா.

2018 ஜனவரியில் ரெட் ஹேட் நிறுவனம் கோர்ஓஎஸ்ஸை 25 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இங்கேதான் ஒரு திருப்பம். 2020 மே 26-உடன் பழைய கோர்ஓஎஸ் கன்டெய்னர் லினக்ஸுக்கு அப்டேட் நின்றது. தானாக அப்டேட் ஆகும் என்று நம்பித்தான் பலர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசியில் அந்த அப்டேட்டே வராது என்றால்?

நல்லவேளையாக அது ஓப்பன் சோர்ஸ். பெர்லினைச் சேர்ந்த கின்வோக் நிறுவனம் 2018-லேயே அதே கோடை எடுத்து 'ஃபிளாட்கார்' என்ற பெயரில் தனியாக நடத்தத் தொடங்கியிருந்தது. பெயருக்கு அர்த்தம், கன்டெய்னர் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் தட்டையான ரயில் வேகன். 2021-ல் கின்வோக்கை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2024-ல் குபெர்னெட்டிஸ் இருக்கும் அதே அறக்கட்டளையின் குடைக்குள் ஃபிளாட்கார் சேர்ந்தது. ரெட் ஹேட் தரப்பில் ஃபெடோரா கோர்ஓஎஸ் வந்தது. குபெர்னெட்டிஸுக்காகவே உருவான டேலோஸ் லினக்ஸும் இருக்கிறது. அடிப்படை எண்ணம் எல்லாவற்றிலும் ஒன்றுதான் என்பதால், இங்கே ஃபிளாட்காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

வழக்கமான லினக்ஸிலிருந்து என்ன வித்தியாசம்?

உபுண்டு போட்டுப் பழகியவர்களுக்கு முதல் நாள் கொஞ்சம் கை கட்டிப் போட்ட மாதிரி இருக்கும்.

• இதில் பேக்கேஜ் மேனேஜர் இல்லை. பைத்தான் வேண்டும் என்றால் கன்டெய்னருக்குள் கொண்டு வாருங்கள்.
• சிஸ்டம் கோப்புகள் இருக்கும் பகுதியைப் படிக்கலாம், எழுத முடியாது. யாராவது டிஸ்க்கில் ஒரு பிட்டை மாற்றினாலும் கெர்னல் கண்டுபிடித்துவிடும்.
• டீஃபால்ட் பாஸ்வேர்டு கிடையாது. 'கோர்' என்ற யூசர் உண்டு. ஆனால் நீங்கள் முன்கூட்டியே கொடுத்த எஸ்எஸ்எச் சாவி இருந்தால்தான் கதவு திறக்கும்.
• டிஸ்க்கில் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஏ, பி என்று இரண்டு அறைகள் உண்டு. ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே புது வெர்ஷன் மற்றதில் இறங்கும்.

அந்த இரண்டு அறை விஷயம்தான் இதன் உயிர். ரீபூட் ஆகும்போது மெஷின் புது அறைக்கு மாறும். புது வெர்ஷன் பூட் ஆகாமல் விழுந்தால், அடுத்த ரீபூட்டில் பழைய அறைக்கே திரும்பிவிடும். பழையதை யாரும் தொடவில்லை என்பதால் அது அப்படியே இருக்கும். ஸ்க்ரூ டிரைவரும் பென் டிரைவுமாக நள்ளிரவில் டேட்டா சென்டருக்கு ஓட வேண்டியதில்லை.

கிளவுட் இருக்கும்போது நிஜ மெஷின் எதற்கு?

நியாயமான கேள்விதான். கிளவுடில் நாலு கிளிக்கில் சர்வர் வந்துவிடும். ஆனால் மாதம் முழுக்க ஒரே மாதிரி லோடு இருக்கும் வேலைக்கு வாடகையை விட சொந்த மெஷின் மலிவாகலாம். பேஸ்கேம்ப் மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ் நிறுவனம், கிளவுடை விட்டு வெளியேறுவதாக 2022-ல் அறிவித்தது இந்தக் கணக்கில்தான். இது தவிர, வெளியே போகக் கூடாத டேட்டா, ஃபேக்டரி தளத்தில் உடனே பதில் தர வேண்டிய மெஷின், ஜிபியு என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. பழைய ஆபீஸ் பிசியில் வீட்டிலேயே குபெர்னெட்டிஸ் பழக நினைப்பவர்களுக்கும் இதுதான் வழி.

படி 1: மெஷினைத் தொடும் முன் எழுத வேண்டிய கோப்பு

வழக்கமான இன்ஸ்டாலில் திரையில் கேள்வி வரும், நாம் 'நெக்ஸ்ட்' கொடுப்போம். இங்கே எல்லாம் தலைகீழ். மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்று முதலிலேயே ஒரு கோப்பில் எழுதிவிட வேண்டும். யாருடைய சாவி, என்ன ஹோஸ்ட்நேம், எந்த ஐபி, எந்த கன்டெய்னர் தானாக ஓட வேண்டும் என எல்லாமே அதில் வரும்.

மனிதர்கள் படிக்கும்படி யாமல் வடிவில் எழுதுவதற்குப் பெயர் பியூட்டேன். அதை 'இக்னிஷன்' என்ற ஜேசன் கோப்பாக மாற்றித் தரும் சின்ன டூல் இருக்கிறது. யாமலில் ஒரு ஸ்பேஸ் இடம் மாறினாலும் அர்த்தம் மாறும். அதனால் மாற்றும்போது வரும் எச்சரிக்கைகளைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.

முக்கியமான விஷயம்: இக்னிஷன் ஓடுவது முதல் பூட்டில் மட்டும்தான். பைக்கில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்வது போல, ஒரே தடவை. அதற்கப்புறம் கோப்பைத் திருத்தி ரீபூட் செய்தால் எதுவும் மாறாது. கோப்பில் தப்பு இருந்து இக்னிஷன் பாதியில் தோற்றால், மெஷின் அரைகுறையாக எழுந்திருக்காது, பூட்டே நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பாதி செட்டிங்கோடு ஓடும் சர்வர், ஓடாத சர்வரை விட ஆபத்து.

படி 2: டிஸ்க்கில் எழுதுவது

ஏதாவது ஒரு லினக்ஸ் லைவ் பென் டிரைவில் மெஷினை பூட் செய்யுங்கள். பிறகு ஃபிளாட்கார் இன்ஸ்டால் ஸ்கிரிப்டிடம் மூன்று விஷயம் சொன்னால் போதும்: எந்த டிஸ்க், எந்த சேனல், எந்த இக்னிஷன் கோப்பு. ஸ்கிரிப்ட் இமேஜை டவுன்லோடு செய்து, டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து, டிஸ்க்கில் எழுதிவிடும். சேனலில் ஆல்ஃபா, பீட்டா, ஸ்டேபிள் தவிர நீண்ட கால ஆதரவு தரும் வகையும் உண்டு. தெரியவில்லை என்றால் ஸ்டேபிள்.

இந்த இடத்தில்தான் பெரிய ஆபத்து. நீங்கள் சொல்லும் டிஸ்க் முழுசாக அழிந்துவிடும். பார்ட்டிஷன் பிரித்துப் பழைய விண்டோஸை ஓரமாக வைத்துக்கொள்வதெல்லாம் இங்கே நடக்காது. இரண்டு டிஸ்க் இருக்கும் மெஷினில் லினக்ஸ் கொடுக்கும் பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறலாம். எனவே டிஸ்க்கின் சைஸ், மாடல், சீரியல் நம்பரை ஒத்துப் பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். முடிந்தால் டேட்டா இருக்கும் டிஸ்க்கின் கேபிளையே கழற்றி வைத்துவிடலாம்.

படி 3: ஐம்பது மெஷின் இருந்தால்?

ஐம்பது சர்வருக்கு ஐம்பது தடவை பென் டிரைவ் குத்த முடியாது. அதற்குத்தான் பிஎக்ஸ்இ, அதாவது நெட்வொர்க் வழி பூட். 1990களிலிருந்தே இருக்கும் முறை. மெஷின் ஆன் ஆனதும் 'எனக்கு ஐபி கொடுங்க, எதை பூட் செய்யணும்னு சொல்லுங்க' என்று நெட்வொர்க்கில் கேட்கும். டிஎச்சிபி சர்வர் ஐபியையும் பூட் கோப்பு இருக்கும் இடத்தையும் சொல்லும். மெஷின் அங்கே போய் கெர்னலை இறக்கிக்கொண்டு எழுந்துவிடும்.

இப்படி எழுந்த சிஸ்டம் முழுக்க ரேமில் ஓடுகிறது. டிஸ்க்கில் எழுதவில்லை என்றால், ரீபூட் ஆனதும் எல்லாம் மறந்து புதிதாகத் தொடங்கும். சிலர் அதையே விரும்பி வைத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் அங்கிருந்து டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்கிறார்கள். எதுவானாலும், ஏற்கெனவே டிஎச்சிபி ஓடும் ஆபீஸ் நெட்வொர்க்கில் இன்னொன்றைக் கிளப்பிவிடாதீர்கள். பக்கத்து சீட் லேப்டாப்பெல்லாம் நெட் கிடைக்காமல் தவிக்கும். தனி ஸ்விட்ச் அல்லது தனி விலான் வைத்துச் செய்வது நல்லது.

பூட் ஆகிவிட்டது, ஆனால் உள்ளே போக முடியவில்லையே?

புதியவர்கள் அதிகம் மாட்டும் இடம் இது. திரையில் லாகின் கேட்கும். பாஸ்வேர்டு என்று ஒன்று இல்லவே இல்லை. பெரும்பாலும் காரணம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

• எஸ்எஸ்எச் சாவியைக் கோப்பில் தப்பாக ஒட்டியது. பொதுச் சாவி ஒரே வரியில் முழுசாக இருக்க வேண்டும்.
• நெட்வொர்க் கார்டின் பெயரை ஊகித்து எழுதியது. பெயருக்குப் பதில் மேக் அட்ரஸைக் கொடுத்தால் குழப்பம் வராது.
• இக்னிஷன் கோப்பையே கொடுக்காமல் இன்ஸ்டால் செய்தது.

மீட்பதற்கு வழி உண்டு. பூட் மெனுவில் நிறுத்தி, கெர்னல் வரியில் ஃபிளாட்காரின் ஆட்டோலாகின் ஆப்ஷனைச் சேர்த்தால் பாஸ்வேர்டு இல்லாமலேயே உள்ளே விடும். கேட்கும்போதே 'அப்போ யார் வேணும்னாலும் நுழையலாமா?' என்று தோன்றுகிறதா? மெஷின் முன்னால் உட்கார முடிந்தவர் எவரும் நுழையலாம். எனவே மென்பொருள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், சர்வர் ரூமுக்குப் பூட்டு அவசியம்.

எல்லாம் சரி, இதில் சிக்கலே இல்லையா?

இருக்கிறது.

முதலாவது, ரீபூட். ஃபிளாட்காரில் அப்டேட் இறங்கியதும் மெஷின் தானாக ரீபூட் ஆவதுதான் டீஃபால்ட். ஒரே ஒரு சர்வரில் பில்லிங் ஓடுகிறது, மதியம் 12 மணிக்கு அது ரீபூட் ஆகிறது என்றால் கடையில் வரிசை நிற்கும். எந்த நேரத்தில் ரீபூட் ஆகலாம் என்று முதல் கோப்பிலேயே எழுதிவிடுங்கள். பல மெஷின்கள் இருந்தால், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் ரீபூட் ஆகும்படி வரிசைப்படுத்தும் வசதியும் இருக்கிறது.

இரண்டாவது, இரண்டு அறை முறை காப்பாற்றுவது ஆபரேட்டிங் சிஸ்டத்தை மட்டும்தான். பூட் நன்றாக ஆகி, உங்கள் ஆப் மட்டும் புது கெர்னலில் தடுமாறினால் மெஷினுக்கு அது தெரியாது. க்ரவுட்ஸ்ட்ரைக் விவகாரம் போல, சிஸ்டத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒரு மென்பொருள் கெர்னலைக் கவிழ்த்தால் இரண்டு அறையிலும் அதே கதைதான். டேட்டாவுக்கு பேக்கப் எடுப்பதும் நம் பொறுப்பே.

மூன்றாவது, ஹார்ட்வேர். அரிதான ரெய்டு கார்டோ, நெட்வொர்க் கார்டோ இருந்தால், அதற்கான டிரைவர் கெர்னலில் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். இல்லை என்றால் உபுண்டுவில் போல நாலு கமாண்டில் சேர்த்துவிட முடியாது.

யாருக்கு இது, யாருக்கு இல்லை?

ஒரே சர்வர், அதில் வெப்சைட், மெயில், பிரிண்டர் என்று பலதும் கலந்து ஓடுகிறது என்றால் உபுண்டு, டெபியனே போதும். எல்லாம் கன்டெய்னரில் ஓடுகிறது, ஒரே மாதிரி பல மெஷின்கள் இருக்கின்றன என்றால் இது கைகொடுக்கும். ஒரு மெஷின் செத்தால், அதே கோப்பைக் கொடுத்து அடுத்ததை எழுப்பலாம். 'முன்னாடி வேலை செஞ்ச அண்ணன் என்ன செட்டிங் போட்டார்னு தெரியலையே' என்ற புலம்பல் இருக்காது. அவர் போட்டது எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும்.

பழக நினைப்பவர்கள் நேராக மெஷினில் கை வைக்க வேண்டாம். லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷினில் அதே இக்னிஷன் கோப்பை ஓட்டிப் பாருங்கள். உள்ளே போக முடிகிறது, கன்டெய்னர் தானாக எழுகிறது என்று உறுதியான பிறகு, டிஸ்க்கில் இருப்பதை பேக்கப் எடுத்துவிட்டு நிஜ மெஷினுக்குப் போகலாம்.