மணற்றரைக்கு நீருறிஞ்சும் கூழ்மணிகள்: வாங்குமுன் அறிய வேண்டியவை

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய கரையோர ஊர்களில் மணற்றரையிலே கத்தரி, மிளகாய், வெண்டி செய்யும் கமக்காரரே! காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் மணலில் மறைவதை நீங்கள் அறிவீர்கள். அந்நீரைப் பிடித்து வைக்குமென்று கூறி விற்கப்படும் கூழ்மணிகள் உங்கள் கிணற்று நீருக்கு ஏற்றவையா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

சீனிபோலத் தோன்றும் இம்மணி உண்மையில் ஒரு வலையாகும். பல்பகுதியம் எனப்படும் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் அதில் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டுள்ளன. 1970களில் ஐக்கிய அமெரிக்காவின் பியோரியா நகரிலுள்ள அரசாங்க விவசாய ஆராய்ச்சிக்கூடத்தார், சோளன் மாப்பொருளை அடிமரமாகக் கொண்டு, அதில் அக்கிரிலோநைத்திரைலைக் கிளைகளாக ஒட்டி, காரத்துடன் காய்ச்சி இத்தகைய பொருளொன்றை ஆக்கினர். புதுடில்லி இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தாரின் ‘பூசா ஐதரோசெல்’ செலுலோசிலிருந்து ஆக்கப்பட்டது.

முடிச்சுகளின் தொகையை ஆக்குவோரே கூட்டவும் குறைக்கவும் இயலும். முடிச்சுக் குறைந்தால் மணி மிக வீங்கும். ஆனால் கஞ்சிபோலத் தளர்ந்து, மேலுள்ள மண்ணின் பாரத்தில் நசுங்கும். முடிச்சு மிகுந்தால் உறுதி உண்டு. கொள்ளும் நீர் குறையும். ஆதலின், “இத்தனை மடங்கு உறிஞ்சும்” என்னும் விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்குதல் தகாது.

அம்மடங்கு தூய நீருக்குரியது என்பதையும் கவனிக்க. கிளைகளிலுள்ள ஒரேவகை மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளுவதாலேயே வலை விரிகிறது. உப்பு அத்தள்ளுகையைத் தணித்துவிடும். சில நூறு மடங்கு உறிஞ்சும் மணி, நூற்றுக்கு ஒரு பங்கு உப்புள்ள நீரில் சில பத்து மடங்கோடு நின்றுவிடும். கல்சியமோ இன்னும் கேடானது; இரு சங்கிலிகளைப் பற்றிப் புதிய முடிச்சாகவே அமையும். 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின்போது கிணறுகளில் உவர் புகுந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கோடையில் உவர்க்கும் கிணறுகள் இக்கரையில் உள.

சோதனை எளிது. கால் தேக்கரண்டி மணியை ஒரு லீற்றர் மழைநீரிலும், அதேயளவு மணியை ஒரு லீற்றர் கிணற்று நீரிலும் இராமுழுதும் ஊறவிட்டுத் துணியில் வடித்து ஒப்பிடுக. கிணற்று நீரில் ஊறியது மற்றதில் நாலிலொரு பங்கும் இல்லையெனில், அப்பணத்தைக் கூட்டெருவுக்குச் செலவிடுவதே மேல் என்பது எமது கருத்து.

பயன்படுத்துவோர் உலர்ந்த மணியை வேர் படியும் ஆழத்தில் மண்ணோடு கலக்குக; மேற்பரப்பில் வெயில்பட்டால் சிதையும். பொதியிற் குறித்த அளவைக் கூட்ட வேண்டாம். வீங்கும் கூழ் நாற்றைக் கிளப்பிவிடும். பொட்டாசு, அமோனியஞ் சல்பேற்றுப் பசளைகளும் உப்புகளே. அவற்றை ஒரே தடவையில் மிகுதியாக இடாதீர்கள். யூரியாவால் இத்தொல்லை மிகக் குறைவு.

வட்டையில் நீர்கட்டிச் செய்யும் நெல்லுக்கு இது வேண்டியதில்லை.