தமிழில் இராமன், கிளிங்கனில் வோரிவ்

தென்காசியில் சாமி பெயரை ‘விஸ்வநாதர்’ என்று எழுதுவோரும் உண்டு, ‘விசுவநாதர்’ என்று எழுதுவோரும் உண்டு. இரண்டாமவர் பக்கம் நிற்பது தொல்காப்பியம். வடசொல் தமிழுக்குள் வரலாம்; ஆனால் செருப்பை வாசலில் விடுவதுபோல வடவெழுத்தை விட்டுவிட்டு வர வேண்டும்.

குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் பெயரையே பாருங்கள். ‘த்ரி’ என்ற தொடக்கம் தமிழுக்கு ஆகாது. இடையில் ஓர் உயிர் நுழைந்து ‘திரி’ ஆயிற்று. ‘ராஜ’ ‘ராச’ ஆயிற்று. இதே பெயர் தனியாக நின்றால் ‘இராசப்பன்’. ரகரம் சொல்லுக்கு முதலில் வராது, முன்னால் அ, இ, உ ஒன்றைச் சேர்த்துக்கொள் என்கிறது நன்னூல். அரங்கம், இராமன், உரோமம் எல்லாம் அப்படி வந்தவை. வாய் என்னவோ ராமன் என்றுதான் சொல்கிறது. அந்த இகரம் பெரும்பாலும் ஏட்டுக்குத்தான்.

இதே தொல்லை கிளிங்கனுக்கும் உண்டு. ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களில் வரும் வேற்றுக்கிரகத்தாருக்காக மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய மொழி அது. 1984இல் திரையில் ஒலித்தது, 1985இல் அகராதி வந்தது. கதாசிரியர்கள் அகராதியைப் பார்த்தா பெயர் வைப்பார்கள்? 1987இல் தொலைக்காட்சித் தொடரில் வந்த கிளிங்கன் வீரனின் பெயர் வோர்ஃப். கிளிங்கனில் ஃபகரமே கிடையாது! ஆகவே அவன் சொந்த மொழியில் ‘வோரிவ்’ ஆனான். ‘வோ’வுக்கும் ‘ரி’க்கும் நடுவே தொண்டையைச் சட்டென அடைத்துத் திறக்க வேண்டும். எழுத்துமுறை ரோமன்தான். ஆனால் பெயர் என்பதற்காக முதலெழுத்தைப் பெரிதாக்கக் கூடாது. சிறிய ‘கியூ’ ஓர் ஒலி, பெரிய ‘கியூ’ வேறொன்று.

நம் ஊர்ப் பெயர்களை அங்கே அனுப்பினால்? ‘ராசப்பன்’ தடையின்றி ரகரத்தில் தொடங்கலாம். ‘இராசப்பன்’தான் மாட்டிக்கொள்ளும்: கிளிங்கனில் எந்த அசையும் உயிரில் தொடங்காது, முன்னால் அந்தத் தொண்டை அடைப்பு வேண்டும். ஐந்தருவிக்கும் அதே கதி. தென்காசிக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியனுக்குப் பாதி வசதி. ‘பாண்டியன்’ என்னும்போது நாக்கை மடித்து ஒலிக்கிறோமே, அந்த டகரம் அங்கே உண்டு. நம் ககரம் இல்லை. அடித்தொண்டையிலிருந்து ஒன்றை இரவல் வாங்க வேண்டும்.

வோர்ஃப் இங்கே வந்தால் இரு முனையிலும் சிக்கல். தொல்காப்பியப்படி வகரத்தோடு ஓகாரம் சேர்ந்து சொல் தொடங்காது. வல்லின மெய்யில் சொல் முடியவும் முடியாது. பழைய புலவரிடம் கொடுத்தால் ‘ஓர்ப்பு’ என்று எழுதியிருப்பார்.